ஒஸ்மியம் படித்து என்ன உத்தியோகம்?

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் இரண்டாந்தரம் உயர்தரம் எழுதி, பொறியியலுக்குச் சற்றுக் குறைவான இசட் புள்ளி எடுத்திருக்கிறாள். நீங்கள் மூன்றாந்தரமும் எழுதச் சொல்கிறீர்கள். அவளோ பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய், பாறைகளையும் பூமியின் வரலாற்றையும் ஆராயும் புவிச்சரிதவியல் படிக்கிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். போதாததற்கு, கடல் நீரிலுள்ள ஒஸ்மியம் என்ற அரிய உலோகத்தை வைத்துப் பழைய காலநிலையை அறியப்போகிறாளாம். ஒஸ்மியம் என்றதும் எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. பிறகு உட்கார்ந்து வாசித்துப் பார்த்தேன்.

மூதூர்ப் பக்கம் மகாவலி கொட்டியாரக் குடாவில் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். மலைநாட்டுப் பாறை மழையில் கரைந்து அந்தத் தண்ணீரோடுதான் கடலுக்கு வருகிறது. உலகத்து ஆறுகள் எல்லாம் இப்படிக் கொண்டுவரும் பொருட்களில் துளியளவு ஒஸ்மியமும் உண்டு. ஒரே தனிமத்தின் நிறை வேறுபட்ட அணுக்களைச் சமதானிகள் என்போம்; ஒஸ்மியத்தின் சமதானிகளில் இங்கே வேண்டியவை 187, 188 என்ற இரண்டு. நிலப்பாறையில் உள்ள ரேனியம் என்ற இன்னொரு உலோகம் மிக மெதுவாகச் சிதைந்து 187ஐ உண்டாக்குவதால், ஆற்று வழியே வருவதில் 188க்கு 187இன் விகிதம் ஏறத்தாழ 1.4. பூமியின் ஆழத்திலிருந்து எரிமலை வழியாகவோ விண்கல்லிலிருந்தோ வந்தால் 0.13 அளவுதான். இன்றைய கடலில் இரண்டும் கலந்து 1.06 அளவில் நிற்கிறது. அந்தந்தக் காலத்துக் கடலின் விகிதம் அடியில் படியும் சேற்றில் பதிந்துவிடும்.

அப்புறம் கணக்குப் பார்ப்பது எளிது. 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி திடீரெனச் சூடேறியபோது விகிதம் உயர்ந்தது. நிலப்பாறை வேகமாகக் கரைந்திருக்கிறது என்று பொருள். அப்படிப் பாறை கரையும்போது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டும் செலவாகும். ஏறிய சூடு எப்படித் தணிந்தது என்பதற்கு அது ஒரு தடயம். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் அழிந்த காலத்தில், விண்கல் விழுந்து விகிதம் சட்டென இறங்கியது. இத்தனைக்கும் ஒரு லீட்டர் கடல் நீரில் இருப்பது ஒரு கிராமின் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்குதான். அதை அளக்கப் பழகிய கைக்கு எந்த ஆய்வுகூடத்திலும் மதிப்புண்டு.

சரி, வேலை. ஒளித்துப் பேசவில்லை: ஒஸ்மியத்துக்கென்று இலங்கையில் உத்தியோகம் எதுவும் கிடையாது. அந்த ஆய்வுக்குக் கலாநிதிப் பட்டம் வரை, பெரும்பாலும் வெளிநாட்டில், போகவேண்டும். ஆனால் அங்கே விஞ்ஞானக் கலாநிதிப் படிப்புக்குப் பல பல்கலைக்கழகங்கள் ஆய்வு உதவித்தொகை தருகின்றன. காணி விற்கத் தேவையில்லை. அதற்குள் மனம் மாறினாலும் படித்த புவிச்சரிதவியலும் இரசாயனவியலும் கையில் இருக்கும். புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம் இருக்கிறது, நீர் வழங்கல் சபை இருக்கிறது, நம் மாவட்டத்திலேயே புல்மோட்டையில் இல்மனைட் என்ற கனிம மணல் இருக்கிறது. ஆசிரியத் தொழிலும் இருக்கிறது, அதை நீங்கள் குறைவாக நினைக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

எனக்கு உறுத்துவது வேறு. பொறியியலில் ஆசையில்லாத பிள்ளையை இன்னொரு வருடம் டியூட்டரியில் இருத்தினால் புள்ளி ஏறும் என்று நான் நம்பவில்லை. முன்பு இப்படி ஒரு மாணவனுக்கு "இன்னொரு தரம் எழுது" என்று நானே சொல்லி, அவனுடைய புள்ளி இறங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

மகளிடமும் ஒன்று கேட்கவேண்டும். புவிச்சரிதவியல் என்றால் வெயிலில் பாறை உடைத்துச் சுமப்பதும், ஆய்வுகூடத்தில் நாட்கணக்கில் குழாய் கழுவுவதும்தான். யூடியூபில் அதைக் காட்டமாட்டார்கள். அதைக் கேட்டும் சரி என்கிறாளா?

சனிக்கிழமை இருவரும் வாருங்கள். பல்கலைக்கழக அனுமதிக் கைந்நூலையும் எடுத்து வாருங்கள், பாடச் சேர்க்கைகளைச் சேர்ந்து பார்ப்போம். டியூட்டரிக்குக் காசு கட்டவில்லையென்றால் அதுவரை பொறுங்கள்.