பொருளாளரின் நோட்டு

அன்புள்ள ஐயா,

வாட்டர்கேட் பற்றிய கட்டுரையில், அமெரிக்க அதிபர் நிக்சனின் தேர்தல் குழுப் பொருளாளர் ஹ்யூ ஸ்லோனை நேர்மையானவர் என்று எழுதியிருந்தீர்கள். பணத்தை எடுத்துக் கொடுத்ததே அவர்தானே? 2019 வேலூர் நாடாளுமன்றத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு நான் செலவுக் கணக்கு எழுதினேன். ஆம்பூர்க் கூட்டத்துக்கு 400 பிரியாணிப் பொட்டலம் போனது. 120 என்று எழுதச் சொன்னார்கள், எழுதினேன். உண்மைக் கணக்கு உள்ள நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது. எரித்துவிடுங்கள் என்கிறாள் மனைவி.

ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

ஆமாம், கொடுத்தவர் அவர்தான். வாட்டர்கேட் ஊடுருவலைத் திட்டமிட்ட, அதே தேர்தல் குழு ஆளான கார்டன் லிடிக்கு அவர் வழியாகப் போன ரொக்கம் சுமார் 1,99,000 டாலர். இவ்வளவு எதற்கு என்று சந்தேகம் வந்து, நிதிக்குழுத் தலைவர் மாரிஸ் ஸ்டான்ஸிடம் கேட்டிருக்கிறார். எனக்கும் தெரிய வேண்டாம், உனக்கும் தெரிய வேண்டாம் என்கிற மாதிரி பதில் வந்தது. அதற்குப் பிறகும் பணம் போனது. இதை நான் பூசி மெழுக மாட்டேன். அந்தப் பதிலைக் கேட்டதுமே அவர் எழுந்து போயிருக்க வேண்டும்.

1972 ஜூன் 17 அன்று வாட்டர்கேட் கட்டிடத்தில், எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் அலுவலகத்துக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்த ஐந்து பேர் பிடிபட்டார்கள். அப்புறம் குழுவின் மேல்மட்டத்திலிருந்த ஜெப் மகுரூடர், லிடிக்குக் கொடுத்த தொகையைக் குறைத்துச் சொல்லும்படி ஸ்லோனை நெருக்கினார். ஸ்லோன் மறுத்தார். ஜூலையில் வேலையை விட்டார். அப்போது வயது 31, மனைவி கர்ப்பமாக இருந்தார். அடுத்த ஜனவரியில் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னபோது நீதிபதி சிரிகாவே அவரைச் சந்தேகப்பட்டார். ஜூனில் வாட்டர்கேட்டை விசாரித்த செனட் குழு முன்பும் போய் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். தொகையை மாற்ற மறுத்த அந்த ஒன்றைத்தான் நேர்மை என்றேன்.

நீங்கள் அந்த இடத்தில் எழுதிவிட்டீர்கள். தப்புதான், நண்பரே. உங்கள் கடிதத்திலேயே அது உங்களை உறுத்துவது தெரிகிறது. கணக்கை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டியவர் வேட்பாளர், கையெழுத்தும் அவருடையது. எழுதிய ஆளை யாரும் கேட்பதில்லை. அந்த வருடம் கோடிக்கணக்கில் ரொக்கம் பிடிபட்டு, ஏப்ரல் 16 அன்று நம் தொகுதியின் தேர்தலே ரத்தாகி, ஆகஸ்ட் 5 அன்றுதான் நடந்தது. அந்தப் பணத்தையும் எங்கோ ஒருவர் உட்கார்ந்து எண்ணித்தானே இருப்பார்? அவரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள் மனைவியின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நோட்டை எரிக்க வேண்டாம். அடுத்த தேர்தலுக்கு யாராவது கணக்கு எழுதக் கூப்பிட்டால், 400 என்று எழுதிய பக்கத்தைக் காட்டி, "இப்படித்தான் எழுதுவேன், சம்மதமா?" என்று கேளுங்கள்.