காற்றில் எழும் நாரைக்கு எவ்வளவு அழுத்தம்?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். தரையில் தட்டையாகக் கிடந்து, காற்று ஏறியதும் கழுத்தை வளைத்தபடி எழுந்து நிற்கும் ஆளுயர நாரை ஒன்றைத் தார்ப்பாய்த் துணியில் தைத்திருக்கிறேன். பஞ்சர் கடைக் கம்ப்ரசரை இணைத்தால் உடலின் தையல் பிளக்கிறது. கழுத்தோ வளைவதே இல்லை. அழுத்தத்தை இன்னும் கூட்டலாமா?

பதில்: கூட்டாதீர்கள். உங்கள் கம்ப்ரசர் தொட்டியில் 8 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) இருக்கலாம், உடலுக்கு 0.02 பார் போதும். அந்தச் சிறிய அழுத்தமே ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 200 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தருகிறது.

தையலில் விழும் இழுவிசையை அழுத்தத்தோடு ஆரமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. 25 செ.மீ. ஆரமுள்ள உடலில் 0.02 பார் இருக்கும்போது ஒவ்வொரு செ.மீ. தையலும் சுமார் அரை கிலோ எடையைத் தாங்குகிறது, 5 செ.மீ. ஆரமுள்ள கழுத்தில் அதே இழுவிசை வருவதற்கு அழுத்தம் 0.1 பாரை எட்ட வேண்டும். ஆகவே இரண்டையும் ஒரே அறையாக விடாமல் தனித்தனி அறைகளாகப் பிரியுங்கள். உடலுக்கு, குழந்தைகள் குதித்து விளையாடும் காற்றுக்கோட்டைகளில் பொருத்தும் புளோயரே ஏற்றது. ஊசித் துளைகளில் கசிவதை அது இடைவிடாமல் ஈடுசெய்துவிடும். கழுத்துக்கு மட்டும், தையலுக்குப் பதிலாக வெப்பத்தில் ஒட்டிய பிவிசி பூச்சுத் துணியைப் பயன்படுத்தி, குறைந்த அழுத்தத்துக்கான ரெகுலேட்டர், பாதுகாப்பு வால்வு ஆகியவற்றின் வழியாகக் கம்ப்ரசரை இணைக்கலாம்.

சீரான குழாயில் எவ்வளவு காற்றை ஏற்றினாலும் அது நிமிருமே தவிர வளையாது. ஒரு பக்கத்தில் நீளாத நாடாவை ஒட்டி, எதிர்ப்பக்கத்தில் துணியைக் கூடுதலாக விட்டு மடிப்புகள் வைத்தால், காற்று ஏறும்போது மடிப்புப் பக்கம் விரிய, கழுத்து நாடாப் பக்கமாக வளையும். அலகைத் திறந்து மூட, பின்னல் உறைக்குள் ரப்பர் குழாயை வைத்த மெக்கிபன் தசை பொருத்தமாக இருக்கும். 1950களிலிருந்தே அறியப்பட்ட இந்த அமைப்பு, காற்று ஏறினால் தன் நீளத்தில் ஏறத்தாழ கால் பங்கு சுருங்கும். இதற்குச் சில பார் அழுத்தம் தேவை என்பதால் தனி இணைப்புக் கொடுங்கள்.

கழுத்துக்குக் காற்றை விட்டு நிறுத்தும் வால்வு, மின்சாரம் நின்றால் காற்றுவரவை அடைத்து உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றும் 3/2 வகையாக (மூன்று வழிகளும் இரண்டு நிலைகளும் கொண்டது) இருக்கட்டும். செலவைக் குறைக்க எண்ணி, வீட்டுத் தண்ணீருக்கான பிவிசி குழாயில் காற்றுத்தொட்டி செய்வோர் உண்டு. அது வெடித்தால் துண்டு துண்டாகச் சிதறும் என்பதால் ஒருபோதும் வேண்டாம். நம் கடற்கரைக் காற்று ஈரம் மிகுந்தது: 30 டிகிரி வெப்பத்தில், 80 சதவீத ஈரப்பதமுள்ள ஒரு கன மீட்டர் காற்றை 8 பாருக்கு அழுத்திக் குளிரவிட்டால் சுமார் 20 கிராம் நீர் பிரிந்து தொட்டியில் தேங்கும். வால்வுக்கு முன்னால் நீர்பிரிப்பான் பொருத்துங்கள். தொட்டியின் அடியிலுள்ள வடிகாலை அன்றாடம் திறந்துவிடுங்கள்.