வியாழக்கிழமை மாத்திரை

அன்புள்ள ஐயா,

இராமநாதபுரம் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் நடத்துகிறேன். வியாழக்கிழமைதோறும் மதிய உணவுக்குப் பின் பிள்ளைகளுக்கு இரத்தசோகை வராமலிருக்க நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம். சென்ற மாதம் சுற்றுச்சுவருக்குப் பின்னால் புல் வெட்டியபோது இருபதுக்கும் மேற்பட்ட மாத்திரைகள் கிடந்தன. நாக்கின் அடியில் ஒதுக்கி வைத்திருந்து, பிறகு போய்த் துப்பியிருக்கிறார்கள். கேட்டால் வயிற்றைப் பிரட்டுகிறது என்கிறார்கள். மலம் கறுத்துப் போவதைப் பார்த்துப் பயந்த தாய்மார்களும் ‘அதை முழுங்காதே’ என்று சொல்லி அனுப்புகிறார்கள். இதே பிள்ளைகள், ஹீமோகுளோபினின் பணி யாது என்ற வினாவுக்குப் பிழையின்றி விடை எழுதுகிறார்கள். நான் பாடம் நடத்துவதா, வாயைத் திறக்கச் சொல்லிச் சோதிப்பதா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது பிள்ளைகள் மாத்திரையைத் துப்பியது அன்று. ஹீமோகுளோபினைப் பற்றிப் பிழையின்றி எழுதிய அதே பிள்ளைகள் துப்பினார்கள் என்பதுதான். பாடப் புத்தகத்தில் இருக்கும் இரத்தம் வேறு, தன் உடம்பில் ஓடும் இரத்தம் வேறு என்று அவர்கள் நினைக்கும்படி நாம் கற்பித்திருக்கிறோம். நீங்கள் கேட்ட இரண்டும் இரண்டு வேலைகள் அல்ல என்பதே என் பதில். வியாழக்கிழமை மாத்திரை கொடுக்கும் அந்தப் பதினைந்து நிமிடத்தையே அறிவியல் பாடவேளையாக்கிவிடலாம்.

அதற்கு வேண்டிய பொருளை நீங்களே பொறுக்கி வைத்திருக்கிறீர்கள். சுவருக்குப் பின்னால் கிடந்த மாத்திரைகளில் இரண்டை எடுத்து, நீல மேல்பூச்சைச் சுரண்டிவிட்டு, பொடித்து, அரை தம்ளர் வெந்நீரில் கரைத்துத் துணியில் வடிகட்டுங்கள். இன்னொரு தம்ளரில் பால் சேர்க்காத, திக்கான தேயிலைச் சாறு இருக்கட்டும். இரண்டையும் ஒரு பிள்ளையே கலக்கட்டும். செம்பழுப்பாக இருந்த சாறு கறுக்கத் தொடங்கும். சற்று நேரம் காற்றுப்பட வைத்தால் மை போலவே ஆகிவிடும். உண்மையில் அது மைதான். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம் முன்னோர் எழுத்து மை காய்ச்சியது இந்த வினையை வைத்துத்தான். அன்னபேதி என்பது இரும்பின் உப்பு, கடுக்காயின் துவர்ப்பும் தேயிலையின் துவர்ப்பும் ஒரே குடும்பம். சோகைக்குச் சித்த மருத்துவர்கள் கொடுக்கும் செந்தூரமும் அந்த அன்னபேதியிலிருந்து செய்யப்படுவதே என்பதை வீட்டிலுள்ள பாட்டிமார் அறிந்திருக்கக்கூடும், கேட்டுவரச் சொல்லுங்கள்.

கறுத்த சாற்றில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் கருமை வெளுக்கும். வயிற்றுக்குள் நடப்பது இதைவிடச் சிக்கலானது என்பதையும் அவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆனால் சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் இரும்பு உடலில் சேர்வது குறையும், எலுமிச்சையோ கொய்யாவோ சேர்ந்தால் கூடுதலாகச் சேரும் என்ற இரண்டும் உறுதியானவை. அவற்றை இனி அவர்கள் கண்ணால் கண்ட ஒன்றோடு இணைத்து நினைவில் வைத்திருப்பார்கள். மலம் ஏன் கறுக்கிறது என்ற அச்சத்துக்கும் அப்போதே விடை சொல்லலாம்: உடல் எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய இரும்பு வெளியேறும் நிறம் அது. இதை நீங்கள் தாய்மார்களிடம் சொல்வதைவிட, தம்ளரைக் கையில் பிடித்திருந்த பிள்ளை வீட்டில் போய்ச் சொல்வது ஆழமாகப் போய்ச் சேரும். (வடிகட்டிய நீரைப் பிள்ளைகள் குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீந்த மாத்திரைகளையும் வீட்டுக்கு விடாதீர்கள். கைக்குழந்தைகள் நாலைந்தை விழுங்கிவிட்டால் ஆபத்து.)

கிராமத்துப் பள்ளியில் இதெல்லாம் நடக்கிற காரியமா என்று உங்கள் சக ஆசிரியர்கள் கேட்கலாம். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972 இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டத்தைச் சொல்லுங்கள். அங்கே ஆறு முதல் எட்டு வரை படித்த பிள்ளைகள் சோதனைகளைத் தாங்களே செய்தார்கள். பூவைப் பிரித்துப் பார்க்க ஊசி இல்லாத இடத்தில் கருவேல முள்ளை எடுத்துக்கொண்டார்கள். தேர்வைப் புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதினார்கள். 1978 இல் அது மாவட்டம் முழுவதற்கும் பரவியது. 2002 இல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். நம் மாநிலத்தில் 2022 நவம்பரில் தொடங்கிய, அரசுப் பள்ளிகளில் அறிவியல், கணிதச் சோதனைகளைச் செய்து காட்டும் வானவில் மன்றமும் இதே வகுப்புகளுக்கானதுதான். உங்கள் பள்ளிக்கு வரும் கருத்தாளரிடம் இந்தத் தேயிலைச் சோதனையைச் சொல்லிப் பாருங்கள்.

மாத்திரை மட்டும் போதாது என்பதையும் பிள்ளைகள் அறிய வேண்டும். நான் ஏழாம் வகுப்பில் படித்தபோது, செருப்புப் போடாமல் நடந்தால் கொக்கிப்புழு வரும் என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். வகுப்பில் பாதிப் பேருக்குச் செருப்பு இல்லை. அது எப்படி வரும் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வெறுங்காலோடுதான் கண்மாய்க் கரைக்கு ஒதுங்கப் போனோம். இன்று அரசு விலையில்லாக் காலணி தருகிறது. ஆனால் அது பள்ளிக்கு மட்டும் என்று வீட்டில் எடுத்து வைக்கிறார்கள். புழுவின் பயணத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டுங்கள்: மலத்தில் வெளிவரும் முட்டை ஈரமண்ணில் பொரிகிறது, சில நாள்களில் அந்த இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து இரத்தத்தோடு நுரையீரல் சென்று, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் போய்ப் பற்றிக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. வாரம் ஒருமுறை நாம் ஊட்டும் இரும்பை அது தினமும் உறிஞ்சிக்கொண்டிருக்கும் என்று கண்ட பிள்ளைக்கு, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கும் 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் என்ற குடற்புழு நீக்க மாத்திரை ஏன் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது. செருப்பு எந்த இடத்துக்கு முதலில் வேண்டும் என்பதையும் அந்தப் பிள்ளையே முடிவு செய்துகொள்ளும்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். பாட ஆர்வத்தில், கீழ் இமையை இழுத்துப் பார்த்து யாருக்குச் சோகை என்று வகுப்பில் வரிசையாக நிறுத்தி ஒப்பிட வேண்டாம். எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகளில் சிலருக்கு மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு இருக்கும். அதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கமாட்டாள். படி ஏறினால் மூச்சு வாங்குகிற, காலை வழிபாட்டில் மயங்கி உட்கார்ந்துவிடுகிற பிள்ளை யார் என்று உங்களுக்கே தெரியும். அவளைத் தனியே அழைத்துப் பேசி, அவள் அம்மாவுக்கும் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். அந்த வயதில் ஹீமோகுளோபின் அளவு ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) இரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் சோகை. அதற்கு வாரம் ஒரு மாத்திரை போதாது, மருத்துவர் சொல்லும் அளவில் சிகிச்சை வேண்டும்.

அடுத்த வியாழக்கிழமை தம்ளரில் என்ன நிறம் வந்தது, பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.