சொசைட்டிக்குப் பால் ஊற்றுபவருக்கும் பதிவு வேண்டுமா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "ஆறு கறவை மாடு வைத்திருக்கிறோம். காலையில் நாலு வீட்டுக்கும் ஒரு டீக்கடைக்கும் பத்து லிட்டர் கொடுத்துவிட்டு, மீதியை மில்மா சொசைட்டிக்கு ஊற்றுகிறோம். போன வாரம் உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்து பாலை எடுத்து சீல் வைத்தார், கையெழுத்தும் வாங்கினார். மறுநாள் ஒருவர் வந்து, 'லைசென்ஸ் இல்லை, கேஸ் ஆகும். 6,000 ரூபாய் கொடுங்கள், மீனாட்சிபுரம் செக்போஸ்ட்டில் எனக்கு ஆள் இருக்கிறது, முடித்துவிடலாம்' என்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். அந்த ஆளுக்கு விஷயமே தெரியவில்லை என்பதற்கு அவர் பேச்சே சாட்சி. மீனாட்சிபுரம் சோதனைச்சாவடி பால்வளத் துறையுடையது. தமிழ்நாட்டிலிருந்து உள்ளே வரும் பாலைப் பார்ப்பது அதன் வேலை. உங்கள் தொழுவத்துக்கு வந்தவர் வேறு துறை. இந்த இரண்டு துறைகளும் தங்களுக்குள்ளேயே ஒத்துப்போவதில்லை. 2023 ஜனவரியில் ஆரியங்காவு சோதனைச்சாவடியில் பிடித்த டேங்கர் பாலில், பால் கெடாமலிருக்கக் கலக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற ரசாயனம் இருக்கிறது என்று பால்வளத் துறை சொன்னது. உணவுப் பாதுகாப்புத் துறை ஆய்வகம் அது தெரியவில்லை என்றது. பெராக்சைடு சில மணி நேரத்தில் சிதைந்துபோகும், தாமதம்தான் காரணம் என்று பிறகு சண்டை. இவர்களுக்கு நடுவில் நின்று 'முடித்துத் தர' ஒரு ஏஜண்டால் ஆகுமா?

உங்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை. நாளுக்கு 500 லிட்டர் வரை பாலுக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு போதும், கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். அக்ஷயா என்ற அரசு இணையச் சேவை மையத்தில் விண்ணப்பித்தால் அவர்கள் சேவைக்குக் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். வரும் 14 இலக்க எண் 2இல் தொடங்கினால் பதிவு, 1இல் தொடங்கினால் லைசென்ஸ். ஆறு மாட்டுக்காரருக்கு 1இல் தொடங்கும் தாளை வாங்கித் தந்து ஆயிரக்கணக்கில் கறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வேறொருவர் எண்ணையே அச்சடித்துக் கொடுத்தவரும் உண்டு. தமிழில் விவரமாக ஒரு தாள் வீடு வீடாகக் கொடுத்தால் இந்த ஏஜண்டுகளில் பாதிப் பேர் பிழைப்பு போய்விடும். யார் செய்வது?

"நான்தான் சொசைட்டி உறுப்பினராயிற்றே, எனக்கு விலக்கு உண்டே?" என்று நீங்கள் நினைத்திருக்கலாம். விலக்கு உண்டு. ஆனால் எழுதியிருப்பதைக் கவனியுங்கள்: பதிவு பெற்ற கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர், தன் பால் *முழுவதையும்* சங்கத்துக்கே கொடுத்தால்தான் விலக்கு. முக்கால்வாசி போதாது. ஒன்பது பங்கு ஊற்றி ஒரு பங்கை வெளியே விற்றாலும் போதாது. வீட்டுக் காப்பிக்கு எடுப்பது விற்பனை அல்ல, அதில் பயமில்லை. ஆனால் டீக்கடைக்கு லிட்டர் கணக்கில் கொடுத்து மாதம் பிறந்ததும் காசு வாங்கினீர்கள் என்றால், அந்தக் காசோடு விலக்கும் போயிற்று. விவசாயிக்கு இந்தச் சட்டமே பொருந்தாது என்று யாராவது வாதாடுவார்கள். அதை வக்கீல்களுக்கு விடுவோம், நூறு ரூபாயில் முடிகிற காரியம்.

சரி, எடுத்துப்போன பாலுக்கு என்ன ஆகும்? மாதிரியை நாலு பங்காக்கி சீல் வைப்பார்கள். ஒன்று ஆய்வகத்துக்கு, அறிக்கை 14 நாளில் வர வேண்டும். இரண்டு மேலதிகாரியிடம் இருக்கும். நாலாவதை அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு உங்கள் செலவில் அனுப்பச் சொல்லி அப்போதே கேட்டிருக்கலாம். யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எடுத்த பாலுக்குக் காசும் தந்திருக்க வேண்டும். ஃபார்மலின் சொட்டு விட்டதைப் பார்த்து, "விஷம் கலந்து மாட்டிவிடுகிறார்கள்" என்று ஊரில் பேசுவார்கள். பால் கெடாமல் ஆய்வகம் போய்ச் சேரத்தான் அது.

அறிக்கை பாதகமாக வந்தாலும், வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பால் எடுக்க வந்தவருக்கு அபராதம் போடும் அதிகாரம் இல்லை. எனவே இப்படி வருகிற ஏஜண்ட் கையில் ரொக்கம் கொடுத்து 'கேஸ் முடிக்க' வழியே கிடையாது.

பசும்பாலில் கொழுப்பு 3.2, எஸ்என்எஃப் (கொழுப்பு தவிர்த்த மற்ற திடச்சத்து) 8.3 சதவீதம் இருக்க வேண்டும். தண்ணீர் கலக்காமலே இது குறையலாம், வெறும் வைக்கோல் தின்கிற மாட்டில் எஸ்என்எஃப் குறையும். மாடு கொடுத்தது அவ்வளவுதான் என்றால் சட்டம் கேட்காது. நம் பக்கத்தில் இன்னொரு பழக்கம்: முன்பாலைக் கறந்து விற்றுவிட்டு, கடைசிப் பாலைக் கன்றுக்கு விடுவது. கொழுப்பு அந்தக் கடைசிப் பாலில்தான் இருக்கிறது. கன்றுக்கு முதலில் கொஞ்சம் ஊட்டிவிட்டு முழுக்கக் கறந்துகொள்ளுங்கள். மறுபடி யாராவது மாதிரி எடுக்க வந்தால், கேனை நன்றாகக் கலக்கிய பிறகே மொள்ளச் சொல்லுங்கள்.

அப்புறம், மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலை டாக்டர் சொன்ன நாள்வரை டீக்கடைக்கும் கொடுக்காதீர்கள், சொசைட்டிக்கும் ஊற்றாதீர்கள்.