வாசகர் கேள்வி – பதில்: ஓட்டுநர் தேர்வு நாளில் என்ன நடக்கும்?

கேள்வி: எனக்கு 47 வயது. கணவர் மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருக்கிறார். மாமியாரை டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்ல வாரம் இரண்டு முறை வாடகைக் காரைத் தேடி அலைய வேண்டியிருப்பதால், துணிந்து ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன். எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) வாங்கி ஆறு வாரம் ஆகிறது. அடுத்த புதன்கிழமை தேர்வு. பிரேக் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் கால் நடுங்கிவிடுமோ என்ற நினைப்பிலேயே தூக்கம் போய்விட்டது. அன்று என்னதான் நடக்கும்? – வாசகி, திருச்சி

பதில்: சகோதரி, இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து வருபவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தேர்வு நாளில் கால் நடுங்காதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நடுங்கும் காலோடு ஓட்டித் தேறியவர்களைத்தான் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன்.

எல்.எல்.ஆர். கிடைத்து 30 நாள் முடிந்த பிறகுதான் தேர்வுக்குப் போகலாம் என்பது விதி. நீங்கள் அதைக் கடந்துவிட்டீர்கள். 40 வயதைத் தாண்டியவர் என்பதால் மருத்துவரிடம் பெற வேண்டிய படிவம் 1ஏ சான்று உங்கள் விண்ணப்பத்தில் சேர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எல்.எல்.ஆர்., தேர்வுக்கு நேரம் பதிவு செய்த சீட்டு, கட்டணம் செலுத்திய ரசீது, முகவரிச் சான்றின் அசல் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு முதல் நாள் இரவே எடுத்து வைத்துவிடுங்கள். பயிற்சிப் பள்ளியின் காரில் போனால் வண்டியின் ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று ஆகியவற்றை அவர்கள் கவனித்துக்கொள்வார்கள். சொந்தக் காரில் போவதாக இருந்தால் அவையும் உங்கள் பொறுப்பு. முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' பலகை இருக்க வேண்டும், பக்கத்து இருக்கையில் உரிமம் உள்ள ஒருவர் உட்கார்ந்து வர வேண்டும்.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனதும் காத்திருக்க நேரிடும். இந்தக் காத்திருப்புதான் பலரைக் கலங்கடிக்கிறது. முன்னால் போனவர் வண்டியை ஆஃப் செய்துவிட்டு முகம் வாடித் திரும்புவதைப் பார்க்கும்போது நமக்கும் அதுவே நடக்கும் என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. ஆகவே, நீங்கள் மரத்தடி நிழலில் உட்கார்ந்து கிளட்ச், கியர், கைப்பிரேக் என்ற வரிசையை மனத்துக்குள் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தால் போதும். மற்றவர்களின் ஓட்டத்தைப் பார்க்க வேண்டாம்.

உங்கள் முறை வரும்போது, நீங்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளர் பக்கத்து இருக்கையில் அமர்வார். "எடுங்கம்மா" என்று அவர் சொன்னவுடன் சாவியைத் திருகிவிடக் கூடாது. தேர்வு அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15ஆவது விதி, ஓட்டுபவரிடம் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று பட்டியலிடும்போது, கண்ணாடியைச் சரிசெய்வதையும் சீட் பெல்ட் அணிவதையும்தான் முதலில் சொல்கிறது. இருக்கையை உங்கள் உயரத்துக்கு இழுத்துக்கொள்ளுங்கள். கிளட்சை முழுவதும் மிதித்த பிறகும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். மூன்று கண்ணாடிகளையும் தொட்டுப் பாருங்கள், பெல்ட்டை மாட்டுங்கள், கியர் கம்பியை இடம் வலமாக ஆட்டி நியூட்ரலில் இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். இவ்வளவுக்கும் அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தை எந்த ஆய்வாளரும் தாமதமாக எண்ணுவதில்லை. இவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்ற நல்லெண்ணமே அவருக்கு ஏற்படும்.

அடுத்தது வண்டியை நகர்த்துவது. என்னிடம் பயின்ற தையல்காரப் பெண்மணி ஒருவர், மூன்று வாரமாகக் கிளட்சை விட்டவுடன் வண்டி குலுங்கி நின்றுபோவதைக் கண்டு மனம் நொந்து அழுதேவிட்டார். மெஷினில் முதல் தையலை எப்படி விடுவீர்கள் என்று கேட்டேன். "மெதுவாத்தான் மிதிப்பேன், துணி நகர ஆரம்பிச்ச பிறகுதான் வேகம்" என்றார். அவ்வளவுதான், மறுநாளிலிருந்து அவருக்கு வண்டி நிற்கவே இல்லை. கிளட்சை மேலே விடும்போது ஓர் இடத்தில் எஞ்சின் சத்தம் சற்றுக் கனத்து, வண்டியின் மூக்கு இலேசாக எழும். காலை அந்த இடத்திலேயே ஒரு மூச்சு நேரம் பிடித்து வைத்து, வண்டி நகரத் தொடங்கியதும் மிச்சத்தை விடுங்கள்.

அதன்பின் அலுவலகத்துக்கு அலுவலகம் முறை சற்று மாறும். சில இடங்களில் சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டச் சொல்லி, ஒரு திருப்பத்தில் திரும்பி, பின்னோக்கி எடுக்கச் சொல்வார்கள்; சில இடங்களில் கம்பம் நட்ட தளத்துக்குள் 'எச்' வடிவத்தில் முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும்; கேமராவும் உணர்கருவியும் பொருத்திய தளங்களும் வந்துவிட்டன. மேட்டில் நிறுத்திப் பின்னுக்கு உருளாமல் மறுபடி எடுப்பதும் விதியில் உள்ளதுதான். கைப்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, கிளட்ச் கனத்த பிறகு விடுவித்தால் வண்டி ஓர் அங்குலமும் பின்னால் போகாது. உங்கள் அலுவலகத்தில் எந்த முறை என்பதைப் பயிற்றுநரிடம் இன்றே கேட்டு, முடிந்தால் அந்த இடத்தையே ஒரு மாலை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். தெரிந்த இடத்தில் பயம் பாதியாகக் குறையும்.

கை சைகைகளையும் கேட்கலாம். வலப்புறம் திரும்ப வலது கையை வெளியே நேராக நீட்ட வேண்டும். இடப்புறம் திரும்ப, நீட்டிய கையைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழற்ற வேண்டும். வேகம் குறைக்க உள்ளங்கையைக் கீழே காட்டி மேலும் கீழும் அசைக்க வேண்டும். இண்டிகேட்டர் இருக்கும் காலத்தில் இது எதற்கு என்று கேட்பவர்கள், பல்பு எரியாத இரவில் அதன் அருமையை உணர்வார்கள்.

வழியில் வண்டி ஒருமுறை நின்றுபோனால் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். பிரேக்கை மிதித்து, நியூட்ரலுக்கு வந்து, பதறாமல் மறுபடி எடுங்கள். கண்ணாடியைப் பார்க்காமல் ஒதுங்குவது, குறுக்கே வருபவரைக் கவனிக்காமல் திரும்புவது ஆகியவற்றைத்தான் ஆய்வாளர் மன்னிக்க மாட்டார், மன்னிக்கவும் கூடாது. இன்னொன்று: பயிற்சிப் பள்ளிக் காரில் பயிற்றுநரின் காலடியிலும் ஒரு பிரேக் இருப்பதால், ஆபத்து வந்தால் அவர் மிதித்துக்கொள்வார் என்ற நம்பிக்கை நம்மை அறியாமலேயே காலில் ஊறிவிடுகிறது. தேர்வுக்கு முன் மீதமுள்ள வகுப்புகளில், தன் பிரேக்கை ஒருமுறைகூடத் தொட வேண்டாம் என்று பயிற்றுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாமியாரைப் பின்னிருக்கையில் அமர்த்தி ஓட்டப்போகும் உங்களுக்கு இது தேர்வையும் தாண்டி உதவும்.

கேள்வி: பைக்கில் எட்டுப் போடும்போது கால் ஊன்றிவிட்டேன், அனுப்பிவிட்டார்கள். திரும்ப எப்போது போகலாம்? ஸ்கூட்டரில் எட்டுப் போட்டால் எளிது என்கிறார் நண்பர். செய்யலாமா? – கல்லூரி மாணவர், தேனி

பதில்: தம்பி, ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம், தேர்வுக் கட்டணத்தை, மத்திய விதிப்படி ஒரு வகை வண்டிக்கு 300 ரூபாய், மீண்டும் கட்ட வேண்டும். மூன்று முறை தவறினால், கடைசித் தேர்விலிருந்து 60 நாள் காத்திருக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 9ஆவது பிரிவு. பயிற்சிப் பள்ளியில் குறைதீர் பயிற்சி பெற்ற பிறகே வர வேண்டும் என்பதை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. எல்.எல்.ஆர். ஆறு மாதம்தான் செல்லும் என்பதால் அந்தக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நண்பர் சொல்வது எளிதுதான், ஆனால் கியர் இல்லாத வண்டியில் தேறினால் கிடைப்பது கியர் இல்லாத வண்டிக்கான உரிமம் மட்டுமே. கியர் பைக்கில் தேறியவர் ஸ்கூட்டரையும் ஓட்டலாம் என்று சட்டமே சொல்கிறது. ஸ்கூட்டரில் தேறியவருக்குப் பைக் ஓட்ட உரிமை இல்லை. நீங்கள் தினமும் ஓட்டப்போவது பைக் என்றால் பைக்கிலேயே தேறுங்கள்.

எட்டில் கால் ஊன்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் கண்தான். முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டுபவரின் வண்டி உள்பக்கம் சாய்ந்துகொண்டே போகும். தலையைத் திருப்பி, அடுத்து வண்டி எங்கே போக வேண்டுமோ அந்த இடத்தைப் பாருங்கள். முதல் கியரில், ஆக்ஸிலரேட்டரைச் சீராகப் பிடித்து, வேகத்தைப் பாதிக் கிளட்சாலும் பின்பிரேக்காலும் மட்டும் குறையுங்கள். முன்பிரேக்கைத் திருப்பத்தில் தொட்டால் கால் தானாகக் கீழே வந்துவிடும். காலை நேரத்தில் ஒரு வெறும் திடலில் இரண்டு செங்கல்லை வைத்து அவற்றைச் சுற்றி நாளுக்கு ஐம்பது எட்டுப் போடுங்கள். ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும். ஹெல்மெட் அணிந்தே பழகுங்கள், தேர்விலும் அது தலையில் இருக்க வேண்டும்.

கேள்வி: என் மகள் வேலை காரணமாக விடுப்பு எடுக்க முடியவில்லை. ஒரு தரகர், அவள் வந்து ஓட்டிக் காட்டவே வேண்டாம், பணம் கொடுத்தால் லைசென்ஸ் வீடு தேடி வரும் என்கிறார். ஒத்துக்கொள்ளலாமா? – தந்தை, கோவை

பதில்: ஐயா, வேண்டவே வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். உங்கள் மகள் லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் நடுவே அவிநாசி சாலையில் தனியாக ஓட்டிக்கொண்டு போகும்போது, அவருக்கு ஓட்டத் தெரியுமா என்று எவருமே சோதித்துப் பார்த்திருக்கவில்லை என்ற நிலையை ஒரு தந்தை பணம் கொடுத்து வாங்கலாமா? விண்ணப்பத்தையும் கட்டணத்தையும் போக்குவரத்துத் துறையின் பரிவாஹன் இணையதளத்தில் தரகர் இல்லாமலேயே முடித்து, மகளுக்குத் தோதான நாளை அங்கேயே பதிவு செய்யலாம். ஒரே ஒரு முற்பகல் விடுப்பு எடுக்கச் சொல்லுங்கள். 30 வயதுக்குள் உரிமம் பெற்றால் 40 வயதுவரை அது செல்லும்.

கேள்வி: மகனுக்கு 16 வயது முடிந்துவிட்டது. வீட்டு ஸ்கூட்டருக்கு அவனைத் தேர்வு எழுத வைக்கலாமா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: 16 வயதில் உரிமம் கிடைப்பது 50 சி.சி.க்கு மிகாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டுமே. நம் வீடுகளில் நிற்கும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 110 சி.சி.யும் அதற்கு மேலும் என்பதால் 18 வயது நிறையும்வரை பொறுத்திருக்க வேண்டியதுதான். அதுவரை சாவியைப் பத்திரமாக வையுங்கள். சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றத்தில் சிக்கினால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டுவரை சிறையும், அந்தச் சிறுவருக்கு 25 வயதுவரை உரிமம் பெற முடியாத தடையும் சட்டத்தில் உள்ளன.

கேள்வி: எனக்குச் சிவப்பும் பச்சையும் சில நேரம் குழம்பும். விண்ணப்பிக்காமலேயே இருந்துவிடுவதா? – வாசகர், நாகர்கோவில்

பதில்: நீங்களாகவே கதவை மூடிக்கொள்ள வேண்டாம். இலேசான, நடுத்தரமான நிறக்குறைபாடு உள்ளவர்களும் உரிமம் பெறலாம் என்று 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் மத்திய அரசு படிவங்களைத் திருத்தியது; கடுமையான குறைபாட்டுக்குத்தான் தடை. கண் மருத்துவரிடம் சென்று உங்கள் குறைபாடு எந்த அளவு என்று எழுதி வாங்கிக்கொண்டு, அதை மறைக்காமல் விண்ணப்பியுங்கள். நின்றவாக்கில் இருக்கும் சிக்னலில் சிவப்பு மேலே, பச்சை கீழே. நிறத்தோடு இடத்தையும் பார்த்துப் பழகினால், சிக்னலில் வண்டியை நிறுத்தவும் எடுக்கவும் உங்களுக்குத் தயக்கம் இருக்காது.