உப்புப் பூத்த மனையில் மரம் வைத்தால் கீரை வருமா?

கேள்வி: மணலி புதுநகரில் எங்கள் அரை கிரவுண்டு மனை பத்து வருடமாகச் சும்மா கிடக்கிறது. கோடையில் தரை வெள்ளையாகப் பூக்கும். சீமைக்கருவேலம் தவிர எதுவும் முளைப்பதில்லை. மரம் வைத்தால் மண் தேறும் என்கிறார் மாமனார். மரத்தடியில் ஒன்றும் விளையாது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். யார் சொல்வது சரி?

பதில்: இருவரும் பாதி சரி. வெறுந்தரை காயும்போது அடியிலுள்ள உவர்நீர் மேலே ஏறி ஆவியாகிறது. உப்பு மட்டும் தங்கிவிடுகிறது. நீங்கள் பார்க்கும் வெள்ளை அதுதான். நிழல் விழுந்து சருகும் மூடிக்கொண்டால் ஆவியாவது குறையும். வேர் போன வழியில் ஐப்பசி மழை உள்ளே இறங்கி உப்பைக் கீழே கழுவும். சருகு மக்க மக்க மண் பொலபொலப்பாகும். ஆக, மாமனார் சொல்வது நடக்க வேண்டுமானால் சருகு அங்கேயே கிடக்க வேண்டும். தினமும் பெருக்கிக் கொளுத்துவதாக இருந்தால் மரம் வைத்து மண்ணுக்குப் பெரிய லாபமில்லை.

முதலில் வேளாண்மைத் துறை ஆய்வகத்தில் மண்ணைப் பரிசோதியுங்கள். மின்கடத்தும் திறன் (EC) 4 dS/m-க்கு மேல் என்றால் உவர் மண். மழைநீரைத் தேக்கிக் கழுவ வேண்டும். கார அமிலநிலை (pH) 8.5-ஐத் தாண்டினால் ஜிப்சமும் தேவைப்படும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்த தண்ணீர் உங்கள் மனையில் நின்றதா? நின்றிருந்தால் எண்ணெய், கன உலோகச் சோதனைக்குப் பிறகுதான் சாப்பிடுகிற எதையும் போடலாம். இதில் அவசரம் வேண்டாம்.

சீமைக்கருவேலத்தைத் தூரோடு தோண்டி எடுங்கள். மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும். திட்டுகிறோமே தவிர, அதுவும் மண்ணில் தழைச்சத்து (நைட்ரஜன்) சேர்க்கிற மரம்தான்.

பதிலுக்குப் புங்கனும் பூவரசும் ஒவ்வொன்று போதும். இரண்டும் உப்பைத் தாங்கும். புங்கன் தழைச்சத்தும் சேர்க்கும். சவுக்கு வேண்டாம், அதன் சருகு லேசில் மக்காது. ஒன்றரை அடி மேடு கட்டி, நல்ல மழை இரண்டு பெய்து உப்பு இறங்கிய பிறகு நடுங்கள். உப்பான போர்வெல் தண்ணீரை மட்டும் கன்றுக்கு ஊற்றிவிடாதீர்கள்.

அப்புறம் பக்கத்து வீட்டுக்காரரின் பாதி. வெயிலுக்கும் தண்ணீருக்கும் மரம் செடியோடு போட்டி போடும். அதனால் மரங்களை மேற்கு ஓரத்தில் வையுங்கள். கீரைக்குக் காலை வெயில் கிடைக்கும், உச்சி சாய்ந்த பிறகு நிழல் விழும். மரத்துக்கும் கீரைப் பாத்திக்கும் நடுவில் இரண்டடி ஆழக் கால்வாய் வெட்டினால் வேர் பாத்திக்குள் வருவது குறையும். காய்ந்த சருகை மண்ணோடு கொத்திவிட்டால் நுண்ணுயிர்கள் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகும். மேலே மூடாக்காகப் போடுங்கள், தானாக மக்கட்டும்.

முதல் இரண்டு மூன்று வருடம் கீரைக்கு மொட்டை மாடித் தொட்டிதான். தரையில் இறங்கும்போது பாலக், பீட்ரூட்டில் ஆரம்பியுங்கள்; உப்பை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். பீன்ஸ் ஆசையைத் தள்ளி வையுங்கள், அதற்கு உப்பு ஆகவே ஆகாது.