பழைய ஃபெடோரா தேடுபவர்களுக்கு: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

பழைய பொருள் கடைகளில் ஃபெடோரா, அதாவது மயிரையோ கம்பளியையோ அழுத்திப் பின்னிய ஃபெல்ட்டில் செய்த, சுற்றிலும் விளிம்பு வைத்த தொப்பி, தேடுவது எனக்குப் பல வருடப் பழக்கம். வந்த கேள்விகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: கடையில் தொப்பியைக் கையில் எடுத்ததும் முதலில் எதைப் பார்ப்பீர்கள், அண்ணா?

கவிழ்த்துப் பிடித்து உள்ளே பார்ப்பேன். எல்லோரும் நிறத்தையும் ரிப்பனையும் பார்த்து மயங்குகிறார்கள். தொப்பியின் ஆயுளைச் சொல்வது உள்ளே நெற்றியைத் தொடும் தோல் பட்டைதான். விரலால் மெல்ல வெளியே மடித்துப் பாருங்கள். துணி மாதிரி வளைந்தால் நல்லது. சருகு மாதிரி மொறுமொறுவென்று இருந்தாலோ, பழுப்புத் தூள் விரலில் ஒட்டினாலோ அந்தத் தோல் செத்துவிட்டது என்று அர்த்தம்.

அழுக்கைத் துடைக்கலாம், ரிப்பனை மாற்றலாம், நசுங்கியதை நிமிர்த்தலாம். செத்த தோலை எந்த எண்ணெயும் பிழைக்க வைக்காது. நான் ஆரம்பத்தில் வாங்கிய சாம்பல் நிற ஃபெடோரா வெளியே புதுசு போல இருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டாம் முறை போட்டபோது பட்டை தையலோடு கிழிந்து கையில் வந்தது. புதுப் பட்டை தைக்க முடியும், ஆனால் பழைய ஊசித் துளைகளிலேயே கையால் தைக்கத் தெரிந்தவர் வேண்டும். அப்படி ஒருவர் உங்களுக்குக் கிடைப்பார் என்றால் மட்டும் அந்தத் தொப்பியை எடுங்கள்.

பட்டையை மடித்திருக்கும்போதே பின்பக்கத்தையும் பாருங்கள். அளவுச் சீட்டு அங்கேதான் ஒட்டியிருக்கும். வெயில் படாத ஃபெல்ட்டும் அங்கே தெரியும். வெளியே இருக்கும் நிறத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று புரிந்துவிடும்.

கேள்வி: முயல் மயிர் ஃபெல்ட், கம்பளி ஃபெல்ட் என்கிறார்களே, தொட்டே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். பத்துத் தொப்பிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டால் விரலுக்கே பழகிவிடும். நல்ல ஃபெடோராக்கள் முயல், காட்டு முயல், நீர்நாய் போன்ற பீவர் ஆகியவற்றின் மயிரில் செய்யப்பட்டவை. மெல்லியதாக இருக்கும், ஆனாலும் அடர்த்தி குறையாது. விளிம்பை இரு விரலுக்கு நடுவே தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும். மேல்பகுதியை லேசாக அழுத்தி விட்டால் தானாக மீண்டு வரும்.

கம்பளி ஃபெல்ட் தடிமனாக, பஞ்சு மாதிரி, கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். மழையில் நனைந்தால் சுருங்கும், விளிம்பு தொங்கும். குறைந்த செலவில் ஒன்று போட்டுப் பார்க்க அது போதும். இருபது வருடம் வைத்துப் போடுவதற்கு முயல் மயிர்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கேள்வி: சிறு சிறு ஓட்டைகள் இருக்கின்றன. வாங்கலாமா?

அந்துப்பூச்சி வேலை அது. தொப்பியை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்து உள்ளிருந்து பாருங்கள். ஒளிப்புள்ளி தெரிந்தால் ஓட்டை முழுதாக விழுந்திருக்கிறது. தெரியாமல், மேலே மட்டும் மேய்ந்த தடம் போல இருந்தால் பரவாயில்லை, பிரஷ் போட்டால் பாதி மறைந்துவிடும். ரிப்பனுக்கு அடியில் ஒரு ஓட்டை என்றால் நான் கவலைப்பட மாட்டேன். முன்பக்கம், கண்ணில் படும் இடத்தில் என்றால் வேண்டாம்.

எதை வாங்கினாலும் நேராக அலமாரியில் வைக்காதீர்கள். மயிரைத் தின்பது பூச்சியின் புழு. அதன் முட்டை கண்ணுக்குத் தெரியாமல் ரிப்பன் மடிப்பில் இருக்கலாம். பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டி, ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு அறைச் சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்காதீர்கள், ஈரம் படிந்துவிடும்.

கேள்வி: சார், உள்ளே 7 1/4 என்று போட்டிருக்கிறது. என் தலைக்குச் சேருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டேப்பை நெற்றி நடுவிலும் காதுக்குச் சற்று மேலேயும் வருமாறு சுற்றி அளந்துகொள்ளுங்கள். அமெரிக்க எண் என்பது அந்தச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து 3.14ஆல் வகுத்தால் வருவது. ஏழேகால் என்றால் சுமார் 58 சென்டிமீட்டர். 7 1/8 என்றால் 57, 7 3/8 என்றால் 59. பிரிட்டிஷ் தொப்பியில் அதே தலைக்கு அரைக்கால் குறைவாகப் போடுவார்கள். அவர்களுடைய 7 1/8 தான் அமெரிக்க ஏழேகால். ஐரோப்பியத் தொப்பிகளில் பெரும்பாலும் சென்டிமீட்டரே இருக்கும்.

ஆனால் சீட்டை அப்படியே நம்பிவிடாதீர்கள். பல பத்து வருடங்களில் தோல் பட்டை சுருங்கியிருக்கும். உள்ளேயும் டேப் போட்டு அளங்கள். கொஞ்சம் பெரிதாக இருந்தால் பட்டைக்குப் பின்னால் பஞ்சுப் பட்டை வைத்துச் சரி செய்யலாம். சிறிதாக இருந்தால் விட்டுவிடுங்கள். இழுத்துப் பெரிதாக்கலாம் என்று கடைக்காரர் சொல்வார். பழைய தோல் அந்த இழுப்பைத் தாங்குவது அபூர்வம்.

கேள்வி: ஸ்டெட்சன், போர்சலினோ என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா? நான்கு எக்ஸ் போட்டது உயர்ந்த தரமாமே?

கண்ணைத் திறந்தே வாங்குங்கள். போர்சலினோ 1857ல் இத்தாலியின் அலெசாண்ட்ரியாவிலும், ஸ்டெட்சன் 1865ல் பிலடெல்பியாவிலும் தொடங்கியவை. இரண்டும் பெரிய பெயர்கள்தான். ஆனால் ஒரே பெயரில் உயர்தரமும் வந்தது, சாதாரணமும் வந்தது. ஸ்டெட்சனின் பிலடெல்பியா தொழிற்சாலை 1971ல் மூடப்பட்டது; அதற்குப் பிறகு அந்தப் பெயரை உரிமம் பெற்று மற்றவர்கள் தயாரித்தார்கள். தரத்தைக் காட்ட உள்ளே அச்சடிக்கும் ‘X’ எண்ணிக்கைக்கும் எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் மூன்றும் இன்னொன்றின் மூன்றும் ஒன்றல்ல. லைனிங்கில் அச்சடித்ததை விட விரல் சொல்வதை நம்புங்கள்.

கேள்வி: எந்தக் காலத்துத் தொப்பி என்று கண்டுபிடிக்க ஏதாவது வழி?

ஒரே அடையாளத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது, இரண்டு மூன்று சேர வேண்டும். விளிம்பு ஒரு குறிப்பு: 1940களில் இரண்டரை அங்குலமோ அதற்கு மேலோ இருக்கும், 1960களில் ஒடுங்கிப் போய்விட்டது. அமெரிக்கத் தொப்பி என்றால் பட்டைக்குப் பின்னால் தொழிற்சங்கச் சீட்டைத் தேடுங்கள். தொப்பித் தொழிலாளர் சங்கமும் குல்லாய், பெண்கள் தொப்பி செய்பவர்களின் சங்கமும் 1934ல் இணைந்தன. அந்த இணைந்த பெயர் சீட்டில் இருந்தால் தொப்பி அதற்கு முந்தையதல்ல.

பெட்டியிலோ லைனிங்கிலோ முகவரி இருந்தால் இன்னும் நல்லது. ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1963க்குப் பிறகுதான், அதற்கு முன் அந்த முறையே இல்லை. ஒன்று அல்லது இரண்டு இலக்க எண் மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1943க்கும் 1963க்கும் இடைப்பட்டது. பெட்டியும் தொப்பியும் ஒரே ஜோடிதானா என்பதை மட்டும் கவனியுங்கள். கடைகளில் கைக்கு வந்த பெட்டியில் கைக்கு வந்த தொப்பியை வைத்துவிடுவார்கள்.

கேள்வி: பழைய தொப்பிகளில் பாதரசம் இருக்கும் என்று படித்தேன். உண்மையா?

உண்மை. இதை நிறையப் பேர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். முயல் மயிர் ஒன்றோடொன்று பின்னி ஃபெல்ட் ஆக வேண்டும் என்பதற்காக அதற்கு மெர்க்குரி நைட்ரேட் என்ற பாதரச உப்பைப் பூசினார்கள். அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குக் கை நடுங்கும், மனநிலை மாறும். தொப்பித் தொழிலுக்குப் பேர்போன அமெரிக்க ஊரான டான்பரியில் அதற்கு ‘டான்பரி நடுக்கம்’ என்றே பெயர். அமெரிக்காவில் 1941 டிசம்பரில்தான் இந்தப் பழக்கம் நிறுத்தப்பட்டது.

அதற்கு முந்தைய தொப்பிகளில் இன்னும் கொஞ்சம் தங்கியிருக்கலாம். பெரும் துன்பத்தை அனுபவித்தவர்கள் அதைச் செய்தவர்கள்தான். இருந்தாலும் அந்தக் காலத்துத் தொப்பியை நான் ஆவி பிடித்து வடிவமைக்க மாட்டேன், சூடு பட்டால் பாதரசம் காற்றில் கலக்கும். தொட்ட பிறகு கை கழுவுவேன், குழந்தைகளிடம் கொடுக்க மாட்டேன். தினசரி போடத்தான் தேடுகிறீர்கள் என்றால் 1950களில் வந்தவற்றைப் பாருங்கள்.

கேள்வி: நசுங்கிப் போன தொப்பியைச் சரி செய்ய முடியுமா?

மயிர் ஃபெல்ட் என்றால் நன்றாக முடியும், மேலே சொன்ன பாதரசக் காலத்துத் தொப்பியாக மட்டும் இருக்கக் கூடாது. கெட்டிலில் வரும் ஆவியில் நசுங்கிய இடத்தைச் சில நொடிகள் காட்டி, உள்ளிருந்து விரலால் தள்ளுங்கள். தோல் பட்டையை வெளியே மடித்து ஆவி படாமல் வையுங்கள், பட்டால் சுருங்கிவிடும். மேல்பகுதியின் முன்பக்கம், இருபுறமும் கிள்ளியது போல உள்ளே மடிந்திருக்கும் இடத்தில் ஃபெல்ட் விரிசல் விட்டிருந்தால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. அங்கேயே பிடித்துத் தூக்கித் தூக்கி வந்த விரிசல் அது. வாங்குமுன் அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள்.

கேள்வி: வியர்வைக் கறை ரிப்பனைத் தாண்டி வெளியே வந்திருக்கிறது. போகுமா?

முழுதாகப் போகாது. அகலமான ரிப்பன் போட்டு மறைக்கலாம், அவ்வளவுதான்.

கேள்வி: நான் பெண். ஆண்கள் தொப்பி எடுத்தால் விசித்திரமாக இருக்குமா?

கொஞ்சமும் இல்லை. வழக்கமாக ஆண்கள் தொப்பியில் ரிப்பன் முடிச்சு இடப்பக்கமும் பெண்கள் தொப்பியில் வலப்பக்கமும் இருக்கும், வித்தியாசம் பெரும்பாலும் அதுதான். பழைய பெண்கள் தொப்பிகள் பலவற்றில் தோலுக்குப் பதில் துணிப்பட்டை இருக்கும். அதனால் உங்களுக்கு ஆண்கள் அலமாரியில்தான் நல்ல சரக்கு அதிகம்.

கேள்வி: இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று பெரிய கம்பெனி, கொஞ்சம் இறுக்கம். இன்னொன்றின் கம்பெனிப் பெயரே யாருக்கும் தெரியாது, ஆனால் அச்சாகப் பொருந்துகிறது. எதை எடுக்க?

இரண்டாவதை. உள்பட்டை நன்றாக இருக்கிறதா என்று மட்டும் இன்னொரு முறை பார்த்துவிட்டு எடுத்துவிடுங்கள். இறுக்கமான தொப்பியை நீங்கள் போடவே மாட்டீர்கள், அது ஆணியிலேயே தொங்கும். அப்புறம், வீட்டுக்கு வந்ததும் ஆணியில் மாட்டாமல் உச்சி கீழே இருக்கும்படி தலைகீழாக வையுங்கள், விளிம்பு வளையாமல் இருக்கும்.